கூரைக் கண்ணாடியின் ஓரத்தில் ஒழுகுகிறதா?

ஐப்பசி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் இரண்டு வேலைகள் தடைப்படும். அதிகாலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்க்க இயலாது. வீட்டினுள்ளே குழித்தறியின் குழியில் நீர் ஊறத் தொடங்கும். இவ்விரண்டும் மழையோடு வருபவை. மனிதனால் முற்றிலும் தடுக்க இயலாதவை. ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு. தறிக்கு நேர்மேலே, வெளிச்சம் வேண்டிக் கூரையில் பதித்த கண்ணாடியின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர். இதற்கு மழையைக் குறைகூறிப் பயனில்லை. இது கூரை வேலையின் குறை; ஆகவே திருத்தக் கூடிய குறை.

ஒரு சொட்டு நீர் என்ன செய்துவிடும் என்று கேட்கிறீர்களா? பட்டுப் பாவில் பொதுவாக மூன்று புடவைகளுக்கான நீளம் இருக்கும். ஒரு புடவையை நெய்து முடிக்கப் பத்து, பதினைந்து நாட்கள் ஆகலாம். வேலைப்பாடு மிகுந்தால் இன்னும் கூடும். சாயமேற்றிய பட்டின்மீது கூரை அழுக்கையும் துருவையும் கரைத்துக்கொண்டு வரும் நீர் விழுந்தால் கறை படியும். அடர்ந்த சாயமாயின் பக்கத்து இழைக்கு இறங்கும். வெள்ளியிழைமீது பொன் பூசிய சரிகையின் ஒளி மங்கும். நெய்து கொடுத்தால்தான் கூலி என்ற நிலையிலுள்ள குடும்பத்துக்கு, கறைபட்ட முழம் ஒவ்வொன்றும் அடுப்பெரியாத நாளாக மாறிவிடக் கூடும். 2005-06 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று உலகறிந்த பட்டு, உள்ளங்கையளவு கண்ணாடி ஓட்டின் ஓரத்தை நம்பித்தான் நெய்யப்படுகிறது!

தறி இல்லாத வீட்டாரும் இதனைத் தமக்குரியதன்று என ஒதுக்க வேண்டியதில்லை. குடும்பம் பெருகியபோது பரணை அறையாக்கிக்கொண்ட வீடுகள் நம்மிடையே பல. முன்பு அண்டாக்களும் பழைய பெட்டிகளும் கிடந்த இடத்தில் இன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். மணமான மகனும் மருமகளும் தங்குகிறார்கள். சன்னல் வைக்கச் சுவர் இல்லாததால் கூரையைத் திறந்து கண்ணாடி வைக்கிறோம். முதல் கோடையில் அனைவரும் மெச்சுவார்கள். முதல் அடைமழையில் அதன்கீழ் வாளி வந்து அமரும்.

ஏன் கூரையில் சன்னல்?

பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளின் பழைய வீடுகளைக் கண்டவர்களுக்கு இக்கேள்வி எழாது. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அகலம் குறைவு; நீளம் அதிகம். இருபுறமும் பக்கத்து வீட்டாருக்கும் பொதுவான சுவர். தெருப்புறம் திண்ணை, பின்புறம் கொல்லை. இடையிலுள்ள கூடத்துக்கு வெளிச்சம் வருவதாயின் மேலிருந்துதான் வர வேண்டும். நூலிழை ஒவ்வொன்றையும் கண்ணால் எண்ண வேண்டிய தொழிலுக்கு அந்த வெளிச்சம் விளக்கொளியைவிட மேலானது. அதற்குக் கட்டணமும் இல்லை.

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களின் பழைய வீடுகளில் இதே தேவைக்கு முற்றத்தைக் கண்டார்கள். முற்றத்தில் மழை உள்ளே வரும். ஆனால் வரவேண்டிய இடத்தில் வந்து, போகவேண்டிய வழியில் போய்விடும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் எழுந்த பாந்தியன் மண்டபத்தின் குவிமாட உச்சியில் எட்டு மீட்டருக்கும் அதிகமான அகலத்தில் ஒரு வட்டத் திறப்பு இன்றும் மூடப்படாமல் இருக்கிறது. மழை நேரே தரையில் விழும்; தரையை லேசாகச் சரித்து வடிதுளைகள் அமைத்திருக்கிறார்கள். துருக்கியரின் பழைய நீராடு மண்டபங்களிலோ குவிமாடத்துத் துளைகளைக் கண்ணாடிக் குமிழ்கள் மூடியிருக்கும். குமிழ் தளத்தைவிட எழும்பி நிற்பதால் நீர் தங்காமல் வழிந்துவிடும். இரண்டு வழிகளிலும் நீரை எதிர்த்து மல்லுக்கு நிற்கவில்லை. அதற்கு ஒரு பாதை காட்டியிருக்கிறார்கள். நாம் கூரையில் கண்ணாடி வைக்கும்போது மறந்துபோவது இந்தப் பாதையைத்தான்.

ஓட்டுக் கூரையின் இரகசியம்

1865 ஆம் ஆண்டில் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடு, நாட்டு ஓடு வேய்ந்த ஊர்களையெல்லாம் அரை நூற்றாண்டில் மாற்றியமைத்தது. அதன் சிறப்பு சுட்ட மண்ணில் மட்டும் இல்லை. மேல் ஓட்டின் கீழ்விளிம்பு கீழ் ஓட்டின் மேல்விளிம்பை மூடிப் படுக்கிறது. பக்கவாட்டில் ஒரு ஓட்டின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் கவ்வுகிறது. மீனின் செதிலைப் பாருங்கள், அதே ஒழுங்கு. இங்கே பசையும் இல்லை, பூச்சும் இல்லை. மூன்றடி நீளத்துக்கு ஒன்றரை அடியேனும் ஏற்றம் இருந்தால் நீர் ஒவ்வொரு செதிலாக இறங்கித் தாழ்வாரத்தை அடைந்துவிடும்.

இதே வடிவில் வார்த்த கண்ணாடி ஓடு ஒன்றோ இரண்டோ பதித்த கூரைகள் அரிதாகவே ஒழுகும்; ஏனெனில் செதில் ஒழுங்கு அங்கே கலையவில்லை. அப்படி ஒழுகினால் ஓடு விரிந்திருக்கும், அல்லது குரங்கு நகர்த்தியிருக்கும். (கோயில் நகரவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!) ஓட்டை மாற்றினால் தீர்ந்தது.

தொல்லை பெரும்பாலும் பெரிய திறப்பில்தான். நான்கைந்து ஓடுகளை எடுத்துவிட்டு, ரீப்பரை அறுத்து, மரச்சட்டமோ இரும்புச் சட்டமோ வைத்துக் கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். நான்கு புறமும் செதில் ஒழுங்கு அறுந்துவிடுகிறது. அறுந்த இடத்தில் சிமெண்டைப் பூசி "முடிந்தது" என்று கொத்தனார் இறங்கிவிடுகிறார். அன்று முடிந்தது கூலிக் கணக்கு மட்டுமே.

சிமெண்டு ஏன் நிற்பதில்லை? வெயிலில் எல்லாப் பொருளும் விரிகிறது. ஆனால் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம் நாற்பது பாகை வெப்ப உயர்வில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீள்கிறது. இரும்பு அதில் பாதி. கண்ணாடி அதனினும் குறைவு. சுட்ட ஓடு இவை எல்லாவற்றினும் குறைவு. சித்திரை வெயிலில் காயும் கூரை அதிகாலையில் குளிர்கிறது. இந்த இழுபறி நாள்தோறும் நடக்கிறது. இறுகிப்போன சிமெண்டு வளைந்து கொடுக்காது. மயிரிழை போன்ற ஒரு பிளவு விடுகிறது. அந்தப் பிளவு மெல்லியதாக இருப்பதே கேடு; அகன்ற இடைவெளியில் நீர் விழுந்து ஓடிவிடும், நுண்ணிய பிளவோ விளக்குத் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல நீரை உறிஞ்சி மேல்நோக்கியும் இழுக்கும். மறு ஆண்டு அதன்மேல் இன்னொரு பூச்சு. மூன்றாம் ஆண்டில் அந்தச் சிமெண்டு மேடே ஓர் அணையாகி, வழிந்தோடும் நீரைத் தேக்கிச் சட்டத்துக்குள் அனுப்புகிறது.

ஒழுகுமிடம் வேறு, நுழையுமிடம் வேறு

பழுது பார்க்கப் புகுமுன் நோயை அறிய வேண்டும். சொட்டு விழும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். நீர் எங்கோ நுழைந்து, கைமரத்தின் அடிப்புறமாக நாலைந்து அடி ஊர்ந்து, ஒரு ஆணியையோ முடிச்சையோ கண்ட இடத்தில்தான் சொட்டும். ஆகவே சொட்டிலிருந்து மேல்நோக்கித் தடத்தைத் தொடர்ந்து செல்லுங்கள். ஈரம் தொடங்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் ஒரு சாட்சி. மழை தொடங்கிய உடனே சொட்டினால் திறந்த ஓட்டை. அரைமணி நேரம் கழித்துச் சொட்டினால் எங்கோ நீர் தேங்கிப் பின்வாங்குகிறது. காற்றோடு அடிக்கும் மழையில் மட்டும் ஒழுகினால் பக்கவாட்டு விளிம்பைச் சந்தேகியுங்கள். மழை விட்ட பிறகும் நெடுநேரம் சொட்டினால் சட்டத்தின் மேற்புறம் குப்பை அடைத்திருக்கிறது. வேப்பிலைச் சருகும் புறாவின் இறகும் கலந்து ஊறிய அந்த மெத்தை ஒரு குடம் நீரைக்கூடப் பிடித்து வைத்திருக்கும்.

மழையே இல்லாத மார்கழி விடியலில் கண்ணாடியின் உட்புறம் நனைந்திருந்தால்? அது ஒழுகல் அன்று, வியர்வை. அடுப்பு நீராவியும், பலர் உறங்கும் அறையின் மூச்சுக் காற்றும் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து நீராகிறது. சாயம் காய்ச்சும் வீடுகளில் இது மிகுதி. இதற்குக் கூரையில் கைவைத்துப் பயனில்லை. உயரத்தில் ஆவி வெளியேறத் துவாரம் வைக்க வேண்டும். இதை அறியாமல் தார் பூசிய வீடுகளும் உண்டு.

ஐயம் தீரவில்லையெனில் மழை இல்லாத ஒரு நாளில் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் உள்ளே கையில் விளக்குடன் நிற்க, மற்றவர் குழாய் நீரைக் கூரையில் விட வேண்டும். முதலில் கண்ணாடியின் கீழ்விளிம்புக்குக் கீழே, பத்து நிமிடம் பொறுத்து, உள்ளே ஈரமில்லையெனில் கீழ்விளிம்பில், பின்னர் ஒரு பக்கம், மறு பக்கம், கடைசியாக மேல்விளிம்பு. இந்த வரிசையை மாற்றக் கூடாது. மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும். குற்றவாளி யார் என்று தெரியாமற் போய்விடும். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் ஒரு மாலைப் பொழுதுச் சோதனை மூன்று முறை கொத்தனாரை அழைக்கும் செலவை மிச்சப்படுத்தும்.

தகடு அமைக்கும் முறை

பெரும்பாலும் குற்றவாளி மேல்விளிம்புதான். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறுபது செண்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிக்கு மேலே முகடு வரை மூன்று மீட்டர் கூரை இருக்கிறது என்று கொள்வோம், பரப்பு 1.8 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் பெய்யும் மழையில் 90 லிட்டர் நீர் அந்த மேல்விளிம்பில் வந்து மோதும். 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையை யார் மறப்பார்? அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 47 செண்டிமீட்டர் பதிவாயிற்று. அந்த மழைக்கு இக்கூரைத் துண்டிலிருந்து மட்டும் 846 லிட்டர். நான்கு பெரிய பீப்பாய்கள்! இதை ஒரு விரற்கடைச் சிமெண்டுப் பூச்சு தடுத்து நிறுத்தும் என்று எதிர்பார்ப்பது முறையா?

எனவே சிமெண்டு முழுவதையும் முதலில் பெயர்த்தெடுங்கள். சட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை ஓடுகளைக் கழற்றி அடுக்கி வையுங்கள். மரம் உளுத்திருந்தால் அந்தத் துண்டை வெட்டி மாற்றிவிடுவதே நலம். வர்ணம் அடித்து மறைப்பது கூடாது. சட்டம் ஓட்டுப் பரப்பைவிட நான்கு முதல் ஆறு அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். ஓட்டோடு ஓடாகப் படுத்திருக்கும் சட்டத்துக்கு எந்தத் தகடும் உதவாது.

இனித் தகடு. துத்தநாகம் பூசிய, சற்றுக் கனமான தகரம் போதும். கீழிருந்து மேலாகவே வேலை நடக்க வேண்டும். ஓடு வேய்வதும் அப்படித்தானே? முதலில் கீழ்விளிம்புத் தகடு: சட்டத்தின் கீழ்ப்புறம் ஏறி மடிந்து, கீழேயுள்ள ஓடுகளின் மேலே ஓரிரு சாண் படர்ந்திருக்க வேண்டும். ஓட்டின் அடியில் செருகினால் தகட்டில் வந்த நீர் வீட்டுக்குள் இறங்கும். இந்த ஒரு தவற்றைப் பல கூரைகளில் காணலாம். அடுத்துப் பக்கத் தகடுகள்: ஒரு கை சட்டத்தின்மேல் ஏறியும், மறு கை ஓட்டின் அடியில் சென்று விளிம்பில் சிறிது மேல்நோக்கி மடங்கியும் இருக்க வேண்டும். அந்த மடிப்புத்தான் பக்கவாட்டில் ஓடவரும் நீரைத் திருப்பிக் கீழே அனுப்புகிறது. பக்கத் தகட்டின் கீழ்முனை, கீழ்விளிம்புத் தகட்டின் மேலே படிய வேண்டும்.

கடைசியாக மேல்விளிம்பு. இங்கே வெறும் மடிப்புப் போதாது. ஒரு சிறு வாய்க்காலே வேண்டும். கூடல்வாய்க்குத் தகரம் அடிப்பவர்களுக்கு இந்த வேலை நன்கு தெரியும். வாய்க்கால் அரையடியேனும் அகலமாக, கை நுழைத்துச் சருகு அள்ளக் கூடியதாக இருக்கட்டும். அதன் நடு சற்று மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் இருந்தால் நீர் இரண்டாகப் பிரிந்து பக்கத் தகடுகளில் இறங்கும். அதன் மேற்கை மேல் ஓடுகளின் அடியில் ஒரு முழு ஓட்டின் நீளம் வரை ஏறியிருக்க வேண்டும். காற்று நீரை எக்கித் தள்ளும்போது அந்த ஏற்றமே காப்பு. ஆணி அடிப்பதானால் நீர் படாத உயர்ந்த ஓரத்தில் மட்டுமே அடியுங்கள். வாய்க்காலின் நடுவில் அடித்த ஆணி, நீங்களே காசு கொடுத்துப் போட்ட ஓட்டை.

கடைகளில் விற்கும் சிலிக்கோன் பசை பயனற்றதன்று. ஆனால் அது தகட்டின் துணைவனே, பதிலாள் அன்று. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையே அதைப் பயன்படுத்தலாம். ஈரத்திலும் தூசியிலும் அது பிடிக்காது. இரண்டு நாள் வெயில் கண்ட பிறகு துடைத்துவிட்டு இடுங்கள். காடி நாற்றம் வீசும் வகை துத்தநாகத் தகட்டை அரிக்கும், சிமெண்டிலும் ஒட்டாது. வாங்கும்போது "நியூட்ரல்" என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத் தகட்டை ஈரச் சிமெண்டில் புதைப்பதும் அவ்வாறே ஆகாது. காரம் அதைத் தின்றுவிடும்.

வெளிநாட்டிலுள்ள நம்மவர்கள் இலண்டன் போன்ற நகரங்களில் பரண் அறைகளுக்கு "வெலக்ஸ்" சன்னல் வைத்திருப்பதாக எழுதுவதுண்டு. 1940-களின் தொடக்கத்தில் டென்மார்க்கில் வில்லும் கான் ராஸ்முசன் என்ற பொறியாளர் வகுத்தது அது. காற்றோட்டத்தையும் ஒளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும் சேர்த்து அப்பெயர் அமைந்தது. சுற்றிப் பொருத்தும் தகடுகளைக் கூரையின் வகைக்கேற்பத் தொழிற்சாலையிலேயே மடித்துத் தனித் தொகுதியாக விற்கிறார்கள். அங்கும் ஒழுகுவதுண்டு! சன்னலைப் பழிப்பார்கள், பிரித்துப் பார்த்தால் தகடு முறை மாறியிருக்கும், அல்லது மேல் வாய்க்காலில் பாசியும் இலையும் அடைத்திருக்கும். நாம் இங்கே தகரக்காரரிடம் சொல்லிச் செய்வதும் அவர்கள் பெட்டியில் வாங்குவதும் தத்துவத்தில் ஒன்றே.

தளம் போட்ட வீடுகளுக்கு ஒரு சொல். மெத்தைத் தளத்தில் வெளிச்சத் திறப்பு வைப்பவர்கள் திறப்பைச் சுற்றி ஓரடிக் கட்டைச் சுவர் எழுப்பி, கண்ணாடியைச் சாய்வாக, சுவரைவிட நான்கு விரற்கடை வெளியே நீட்டி வைக்கட்டும். தளமும் கட்டைச் சுவரும் கூடும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைத்துப் பூச வேண்டும். பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துத் தளமிட்டார்கள். அத்தகைய தளத்தை ஒட்டுப்போடும்போது சிமெண்டைக் கலக்காதீர்கள். இரண்டும் ஒட்டி வாழாது.

இன்னும் திறப்பு வைக்காதவர்களுக்கு ஒரு கேள்வி: எந்தப் பக்கம்? மேற்குச் சரிவில் வைத்தால் பிற்பகல் வெயில் அறையைச் சூளையாக்கும். வடக்கு வெளிச்சமே நிலையானது. நிறம் பார்க்கும் தொழிலுக்கு அதுவே உகந்தது. ஆனால் வடகிழக்குப் பருவமழையும் புயற்காற்றும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் அறைகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் காற்றில் ஓடுகள் பறந்ததை இவ்வட்டாரத்தார் அறிவர். எனினும் வடக்கையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. ஒளியின் திசையை நம்மால் மாற்ற இயலாது. தகட்டின் அகலத்தைக் கூட்ட இயலும்.

கூரையில் ஏறுவது பற்றி வீட்டிலுள்ள பெண்கள் கண்டிப்புடன் இருக்க வேண்டும். நனைந்த ஓட்டில் யாரும் ஏறக் கூடாது. கண்ணாடி ஓட்டிலும் கல்நார்த் தகட்டிலும் காலூன்றவே கூடாது. பலகையைக் கைமரங்களின்மேல் படும்படி போட்டு அதன்மீது நடக்க வேண்டும். மழை கொட்டும்போது "இப்போதே ஏறிப் பார்க்கிறேன்" என்று புறப்படும் இளைஞரைத் தடுத்து நிறுத்துங்கள். அந்த நேரத்தில் செய்யக் கூடியது ஒன்றே: உள்ளே, சொட்டு தொடங்கும் இடத்தில் ஒரு நூற்கயிற்றை ஆணியில் கட்டி வாளிக்குள் தொங்கவிடுங்கள். நீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும். தறியோ படுக்கையோ நனையாது. தறி இருந்தால் பாவின்மீது பிளாஸ்டிக் தாளை நேரே போர்த்தாமல், கயிறு கட்டிப் பந்தல்போல் உயர்த்திப் போடுங்கள். இல்லையேல் உள்ளே புழுக்கம் கட்டிப் பட்டே ஈரமாகும்.

நிலையான வேலைக்கு உரிய காலம் ஆடிக்கு முன்னும், ஆவணி புரட்டாசியில் மழை விட்ட வெயில் நாட்களும். ஐப்பசியில் தகரக்காரரும் கொத்தனாரும் கைக்குக் கிடைக்க மாட்டார்கள். கிடைத்தாலும் ஈரத்தின்மேல் பூசிவிட்டுப் போவார்கள். வேலை முடிந்ததும் மாற்றுக் கண்ணாடி ஓடு ஒன்றையும் சீமை ஓடுகள் பத்தையும் கொல்லைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகளில் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை அளவு சிறிது மாறுபடும். வேறொரு முத்திரையுள்ள ஓட்டைக் கொண்டுவந்தால் மேடும் பள்ளமும் கவ்வாது. ஆகவே வாங்கப் போகும்போது உங்கள் கூரையிலிருந்து ஓர் ஓட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.